காட்டுமனிதனைப் புகழும் ஐரோப்பிய நூல்களை எப்படி வாசிப்பது?

அமெரிக்கப் பழங்குடியினரை முன்னிறுத்தித் தம் நாகரிகத்தையே இடித்துரைத்த ஐரோப்பியர்களை வாசிக்க அமரும்போது, நாகரிகம் தீண்டாத மனிதன் இயல்பிலேயே நல்லவன் என்ற பொருளில் வழங்கும் 'உன்னதக் காட்டுமனிதன்' என்ற தொடரை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ரூசோவின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்ட அத்தொடரை அவர் எங்கும் கையாளவில்லை. ஆங்கிலத்தில் அது 1672இல் அச்சான, ஆங்கிலக் கவிஞர் டிரைடனின் நாடகத்திலேயே வந்துவிட்டது.

தொடங்குவதற்கு ஏற்றது, நரமாமிசம் உண்போரைப் பற்றி பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோன்தேன் 1580இல் வெளியிட்ட சிறு கட்டுரை. முதல் வாசிப்பில், யார் பேசுகிறார், அவர் பேச்சு யார் வழியாக நம்மிடம் வருகிறது என்பதை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிரான்ஸின் ருவான் நகரில் சிறுவனான மன்னன் ஒன்பதாம் சார்லஸைக் கண்ட பிரேசில் பழங்குடியினர் மூவர், தாடி வைத்த வாட்டசாட்டமான ஆண்கள் ஒரு பிள்ளைக்குக் கீழ்ப்படிவதையும், சிலர் எல்லாம் நிரம்பி வாழ, மற்றவர்கள் அவர்கள் வாசலிலேயே பசியால் மெலிந்து பிச்சையெடுப்பதையும் கண்டு வியந்ததாக மோன்தேன் எழுதுகிறார். மூன்றாவதாகச் சொன்னது மறந்துபோயிற்றாம், மொழிபெயர்த்தவனும் மந்தமாம். என்னைப் பொறுத்தவரை கட்டுரையிலேயே மிக நேர்மையான இடம் இதுதான். அரைகுறை மொழிபெயர்ப்பையும் மறதியையும் கடந்து வந்த இச்சொற்களைப் பழங்குடியினரின் வாக்குமூலமாகக் கொள்வது கடினம். பிரான்ஸின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டாகவோ அவை குறி தவறவில்லை.

இரண்டாம் வாசிப்பில் 'இல்லை' என்று முடியும் இடங்களை எண்ணுங்கள். வணிகம் இல்லை, எழுத்தறிவு இல்லை, அதிகாரி இல்லை, செல்வமும் வறுமையும் இல்லை, ஒப்பந்தம் இல்லை என்று நீளும் பட்டியலில் அம்மக்களிடம் என்ன இருந்தது என்பதைவிட, மோன்தேனுக்குத் தம் ஊரில் எது உறுத்தியது என்பதே தெரிகிறது. அதே சமயம், அவர்கள் சிறைப்பட்ட பகைவரைத் தின்றதை அவர் மறைக்கவுமில்லை. பக்தியின் பெயரால் ஒருவனை உயிரோடு வதைத்துச் சிறிது சிறிதாக வாட்டுவது, இறந்தபின் தின்பதைவிடக் கொடியது என்கிறார். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே பிரான்ஸில் நடந்த மதப்போர்களில் தம் அண்டை அயலார் செய்ததையே அவர் சுட்டுகிறார்.

அதன்பின் 1755இல் வெளியான ரூசோவின் சமத்துவமின்மை குறித்த நூலுக்கு வாருங்கள். அவர் மிக மகிழ்ச்சியான காலமாகக் கருதியது ஆதிக் காட்டுவாழ்வை அன்று, குடிசைகளும் குடும்பங்களும் தோன்றிவிட்ட இடைநிலையை. மனிதனைக் கெடுத்தவையாக அவர் காட்டுவது இரும்பையும் தானியத்தையும். பின்குறிப்புகளைத் தாண்டிச் செல்லாதீர்கள். கரடிகளோடு வாழக் காட்டுக்கே திரும்பிவிடலாமா என்று அங்கு அவரே கேட்டு, அப்படியொரு முடிவு தம் எதிரிகளுக்கே உரியது என்று ஒதுக்குகிறார். நூலைப் படித்தால் நாலு காலால் நடக்கத் தோன்றுகிறது என்று அவர் காலத்து எழுத்தாளர் வால்டேர் அவருக்கு எழுதிய கேலிக் கடிதத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கடிதத்தை முதலில் படித்தவர்கள் பலர் நூலைத் திறக்கவேயில்லை.