சிம்ஸ் 4: மோட்ஸ் ஃபோல்டரைச் சுத்தம் செய்வது

சிம்ஸ் 4 என்ற கம்ப்யூட்டர் கேமில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் பொருள்களும் மாற்றங்களும்தான் மோடுகள். அவை இருக்கும் மோட்ஸ் ஃபோல்டரைச் சுத்தம் செய்ய, முதலில் கேமை மூடுங்கள். டாக்குமென்ட்ஸ் > எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் > தி சிம்ஸ் 4 ஃபோல்டருக்குள் இருக்கும் மோட்ஸ், சேவ்ஸ் (சேமித்த ஆட்டங்கள்), ட்ரே (சேமித்த வீடுகள், குடும்பங்கள்) மூன்றையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். ஏனென்றால், நீங்கள் நீக்கும் மோடு ஒரு நாற்காலி என்றால், அது கேமில் உள்ள வீட்டிலிருந்து மறைந்துவிடும். அதன் பிறகு சேவ் செய்தால், கோப்பைத் திரும்பப் போட்டாலும் நாற்காலி வராது.

பெயரில் (1), (2) என்று முடிபவை பெரும்பாலும் இருமுறை இறக்கியவை. முதலில் அவற்றை நீக்குங்கள். மிச்சத்தை முடி, உடை, மரச்சாமான் என்று பிரியுங்கள். பேக்கேஜ் கோப்புகள் (.package என்று முடிபவை) ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஐந்து அடுக்கு ஆழம் வரை வேலை செய்யும். ஸ்கிரிப்ட் மோடுகளோ (கேம் இயங்கும் விதத்தையே மாற்றும், .ts4script என்று முடிபவை) ஒரே ஒரு அடுக்குதான். அதற்குக் கீழே போட்டால் கேம் அவற்றைப் படிக்காது. ஒழுங்குபடுத்துகிறேன் என்று பலர் மோடைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். ஜிப் கோப்பைப் பிரிக்காமல் போடுவதும் வீண்.

ஏதோ ஒன்று கோளாறு, எது என்று தெரியவில்லையா? பாதிக் கோப்புகளை டெஸ்க்டாப்புக்கு நகர்த்திவிட்டுக் கேமைத் திறந்து பாருங்கள். கோளாறு போனால் குற்றவாளி வெளியே எடுத்த பாதியில், போகாவிட்டால் உள்ளே. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 1,000 கோப்புகள் என்றாலும் பத்துச் சுற்றில் சிக்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் தி சிம்ஸ் 4 ஃபோல்டரில் உள்ள லோக்கல்தம்ப்கேஷ் (localthumbcache) என்ற தற்காலிகக் கோப்பை நீக்குங்கள், இல்லையேல் பழைய தகவலே ஏமாற்றும். சோதனையைப் புதிய சேவில் நடத்துங்கள்.

அப்டேட் வந்ததும் கேம் மோடுகளைத் தானே அணைத்துவிடும். ஸ்கிரிப்ட் மோடுகளைப் புதுப்பித்த பிறகே அமைப்புகளில் மீண்டும் இயக்குங்கள்.