மாவு பிசையும்போது நன்றி சொல்லப் பழகுவது எப்படி

நன்றியோடு இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தால் மனசு பெரும்பாலும் ஒத்துழைக்காது. பாதியில் நிற்கும் வேலை, கட்ட வேண்டிய பில், பிள்ளையின் மார்க், காலையில் வீட்டில் நடந்த வாக்குவாதம் எல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும். அதனால் மனநிலையை மாற்றுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. முதலில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள், வாரத்தில் ஒரு நாள் வீட்டிலேயே பிரெட் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். பிரெட் செய்வதில் நாம் உழைக்கிற நேரம் கொஞ்சம், காத்திருக்கிற நேரம் அதிகம், அந்தக் காத்திருப்பில் ஜெபத்துக்கும் இடம் இருக்கிறது, வீட்டில் இருப்பவர்களுக்கும் இடம் இருக்கிறது. நான் கிறிஸ்தவ நம்பிக்கையில் நின்று எழுதுகிறேன். வேறு நம்பிக்கை உள்ளவர்கள் உங்கள் பிரார்த்தனை எதுவோ அதை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், செய்முறை மாறாது.

சரி, அளவு. மைதா 500 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 310 மில்லி, உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. மாவுக்கு மாவு தண்ணீர் இழுப்பது வேறுபடும், அதனால் கடைசி 20 மில்லியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்து ஊற்றுங்கள். தண்ணீரை மணிக்கட்டில் விட்டால் சூடு தெரியக் கூடாது, ஜில்லென்றும் இருக்கக் கூடாது. 60 டிகிரி அளவுக்குச் சூடாகிவிட்டால் ஈஸ்ட் செத்துப்போகும், அப்புறம் எத்தனை மணி நேரம் வைத்தாலும் மாவு எழும்பாது.

ஒவ்வொன்றாக அளந்து போடும்போதே நன்றியைத் தொடங்கிவிடலாம். ஆனால் 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள், அது வாயோடு நின்றுவிடும். இந்த வாரம் நடந்த ஒன்றைக் குறிப்பாகப் பிடியுங்கள். நீங்கள் அசந்து தூங்கிவிட்ட ராத்திரியில் யாரோ பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்களே, அது. ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாத பையன் தானாக வந்து 'சாப்டியாம்மா' என்று கேட்டானே, அது. கடவுளிடம் சொன்னதை, முடிந்தால் அன்றைக்கே அந்த ஆளிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இதுதான் கஷ்டமான பகுதி, எனக்குத் தெரியும், நம் வீடுகளில் சண்டையைச் சத்தமாகப் போடுவோம், நன்றியை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வோம். 'நேத்து பாத்திரம் கழுவி வச்சிருந்தீங்க, ரொம்ப உதவியா இருந்துச்சு' என்றால் போதும், கேட்டவர் ஒன்றும் சொல்லாமல் போய்விடலாம், போகட்டும்.

அப்புறம் பிசைவது. பத்து நிமிடம் தேவை. முதல் மூன்று நான்கு நிமிடம் மாவு விரலில் ஒட்டும், மேசையில் ஒட்டும், உடனே இன்னும் கொஞ்சம் மாவு அள்ளிப் போடத் தோன்றும், போடாதீர்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, கால் வட்டம் திருப்பி, மறுபடி தள்ளுங்கள். மாவில் இருக்கும் புரதம் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் வலையாகக் கட்டிக்கொள்ள அந்த நேரம் ஆகும், அது கட்டிக்கொண்டதும் ஒட்டுவது தானாகக் குறைந்து மாவு வழவழப்பாகிவிடும். ஒரு சின்ன உருண்டையை எடுத்து விரல்களால் மெதுவாக இழுத்துப் பாருங்கள், கிழியாமல் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக விரிந்தால் போதும். இந்தப் பத்து நிமிடத்துக்கு வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெயரைச் சொல்லி நாலைந்து முறை பிசையுங்கள், அவர்களுக்கு இப்போது என்ன பாரம் இருக்கிறது என்று யோசியுங்கள், அதைக் கடவுளிடம் கொடுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள். மனஸ்தாபம் உள்ளவரை விட்டுவிட வேண்டாம். அவருக்காக நல்ல வார்த்தை வரவில்லை என்றால் பெயரை மட்டும் சொல்லுங்கள், கை வேலையைத் தொடரட்டும்.

பிசைந்த மாவை எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து, ஈரத்துணியால் மூடி, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் விடுங்கள், இரண்டு மடங்காக வேண்டும். இனி நீங்கள் செய்வதற்கு எதுவும் இல்லை. எனக்கு விசுவாசம் என்றால் என்ன என்று புரிவது இந்த இடத்தில்தான். ஈஸ்ட் மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடுகிறது, குளூட்டன் வலை அதைப் பிடித்து வைக்கிறது, மாவு எழும்புகிறது. நொதித்தல் உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்பதை பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் தன் ஆய்வுகளால் காட்டியது 1850களின் பிற்பகுதியில்தான். அதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான வருடங்கள் மனிதர்கள் காரணம் தெரியாமலே மாவை மூடி வைத்து, அது எழும்பும் என்று நம்பி, குடும்பத்துக்குச் சாப்பாடு போட்டார்கள். ஒரு பெண் புளித்த மாவை எடுத்து மூன்று படி மாவில் அடக்கி வைத்த கதையை இயேசு கடவுளுடைய ராஜ்யத்துக்கு உவமையாகச் சொன்னார், அந்தக் கதையிலும் அவள் வேலை அடக்கி வைப்பதோடு முடிகிறது. பிள்ளைகள் விஷயத்திலும் நோய் விஷயத்திலும் நம் பங்கைச் செய்துவிட்டு அதற்கு மேல் போட்டு நோண்டாமல் இருப்பது எவ்வளவு கடினம்! வாரம் ஒரு முறை மாவிடம் அதைப் பழகிக்கொள்ளலாம்.

அந்த ஒரு மணி நேரத்தைப் போனுக்குக் கொடுக்காதீர்கள். யாராவது ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், பேச்சு தானாக வந்தால் வரட்டும். குழந்தைகள் இருந்தால் மாவை வடிவப்படுத்தும் வேலையை அவர்களுக்குக் கொடுங்கள், கோணலாக வந்தால் கோணலாகவே வேகட்டும், நீங்கள் எடுத்துச் சரி செய்தால் அடுத்த வாரம் அவர்கள் சமையலறைப் பக்கம் வர மாட்டார்கள்.

வடிவப்படுத்தியதை எண்ணெய் தடவிய டின்னில் வைத்து இன்னும் முக்கால் மணி நேரம் விடுங்கள். விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாகத் திரும்பி வர வேண்டும், சட்டென்று வந்தால் இன்னும் நேரம் வேண்டும். 200 டிகிரிக்கு முன்னதாகவே சூடாக்கிய ஓவனில் சுமார் 35 நிமிடம். வெளியே எடுத்து அடியில் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற சத்தம் கேட்க வேண்டும். கம்பித் தட்டில் வைத்து ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள், ஆறும்போதுதான் உள்ளே இருக்கும் மாவுச்சத்து இறுகிப் பதமாகிறது, சூட்டோடு வெட்டினால் பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டும்.

பிரெட் சரியாக வராத வாரமும் இருக்கும். கல் மாதிரி இருப்பதை அருமை என்று பாராட்டச் சொல்வது நன்றியாகாது. ஈஸ்ட் பழசா, தண்ணீர் சூடா, அவசரப்பட்டு ஓவனில் வைத்தாயிற்றா என்று பாருங்கள், மெல்லியதாக வெட்டி டோஸ்ட் செய்யுங்கள், அன்றைக்கும் மேசையில் எல்லோரும் உட்கார்ந்த பிறகே கடவுளுக்கு நன்றி சொல்லிச் சாப்பிடுங்கள். வீட்டில் ஒருவருக்கு ஜெபத்தில் விருப்பம் இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். அவரும் அதே மேசையில் உட்கார்ந்து அதே பிரெட்டைச் சாப்பிடட்டும்.

வேலை அதிகமான வாரத்தில் விட்டுவிடாமல் இருக்க ஒரு வழி: ஈஸ்ட்டை 2 கிராமாகக் குறைத்து, குளிர்ந்த தண்ணீரில் ராத்திரியே பிசைந்து, ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, மூடி ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் அது மெதுவாக வேலை செய்யும், ருசியும் கூடும். காலையில் எடுத்து வடிவப்படுத்தி, குளிர் போய் எழும்ப ஒன்றரை இரண்டு மணி நேரம் கொடுத்து வேகவைக்கலாம். ராத்திரி பிசையும்போது ஜெபிக்கத் தெம்பு இல்லையென்றால் சும்மா பிசையுங்கள், அல்லது வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டு அன்றைக்குப் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள்.