மொன்றியல் குளிரில் மின் உச்ச நேரம்: வீட்டுச் சூட்டைக் குறைத்தும் நடுங்காமல் இருப்பது எப்படி?

மொன்றியல் இருக்கும் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு மின்சார ஹீட்டர்தான். வெளியே மைனஸ் 25 டிகிரி என்றால் மாகாணம் முழுவதும் ஹீட்டர்கள் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கும். 2023 பிப்ரவரி 3 அன்று மின் தேவை 43,000 மெகாவாட்டைத் தாண்டியது. இப்படிப்பட்ட நாட்களில் மாகாண மின் நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக் முதல் நாளே தகவல் அனுப்பி, சில மணி நேரம் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்கிறது. மாலை 4 முதல் 8 வரையான நேரத்தை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: திட்டம்

ஹைட்ரோ-கியூபெக்கில் இரண்டு வழி உண்டு. குளிர்காலச் சலுகைத் திட்டத்தில், உச்ச நேரத்தில் குறைத்த யூனிட்டுக்குப் பில்லில் பணம் கழியும். முடியாத நாளில் விட்டுவிடலாம், அபராதம் இல்லை. ஃப்ளெக்ஸ் டி என்ற கட்டணத்தில் மற்ற நேரம் மின்சாரம் மலிவு, உச்ச நேரம் விலை பல மடங்கு. முதல் வருடத்துக்குச் சலுகைத் திட்டமே நல்லது.

படி 2: ஆள் உட்காரும் இடத்தைப் பாருங்கள்

எங்கள் வீட்டுத் தெர்மோஸ்டாட் (அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) 21 டிகிரி காட்டும்போதும் அம்மா "குளிருது" என்பார். அவருடைய நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. உடல் உணர்வது காற்றின் சூட்டை மட்டுமல்ல. சுவர், கண்ணாடியின் சூட்டையும் சேர்த்துத்தான். காற்று 21, சுற்றியுள்ள பரப்புகள் சராசரியாக 17 என்றால் உணர்வது ஏறக்குறைய 19. நாற்காலியை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டோம். திரை பேஸ்போர்ட் ஹீட்டர்மேல் (சுவரின் அடியில் பொருத்தும் மின் ஹீட்டர்) தொங்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

படி 3: 2 மணிக்கே சூடேற்றுங்கள்

தெர்மோஸ்டாட்டை 21-இலிருந்து 23-க்கு ஏற்றுங்கள். பலரும் மூன்றரை மணிக்குத்தான் ஏற்றுகிறார்கள். அதற்குள் காற்று மட்டும்தான் சூடாகும், அந்தச் சூடு சீக்கிரம் போய்விடும். சுவரும் தளவாடமும் சூடாக இரண்டு மணி நேரமாவது வேண்டும். மாலை முழுவதும் நம்மைக் காப்பாற்றுவது அங்கே சேர்ந்த சூடுதான்.

படி 4: 4 மணிக்கு இறக்குங்கள், அணைக்காதீர்கள்

20-இல் வையுங்கள். எவ்வளவு வேகமாக இறங்கலாம் என்பதற்கு ஆஷ்ரே 55 என்ற, அறைக்குள் உடல் சௌகரியத்துக்கான அமெரிக்கத் தரநிலையில் கணக்கு உண்டு: ஒரு மணி நேரத்தில் 2.2 டிகிரிக்கு மேல் மாறக் கூடாது, நான்கு மணி நேரத்தில் 3.3-க்கு மேல் கூடாது. 23-இலிருந்து 20-க்கு நான்கு மணி நேரம் எடுத்து இறங்கினால் சரி. கதவிடுக்கில் காற்றுப் புகும் பழைய வீடு என்றால் ஒரே மணி நேரத்தில் இறங்கிவிடும். அப்போது 21-இலேயே நிறுத்துங்கள்.

முதியவர், கைக்குழந்தை இருக்கும் அறையைத் தொடவே வேண்டாம். உலக சுகாதார அமைப்பு வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது. இவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படலாம். சில டாலர் சலுகைக்காக யாரும் குளிரில் இருக்க வேண்டியதில்லை.

துணி உலர்த்தி, பாத்திரம் கழுவும் மெஷின் எல்லாம் 8 மணிக்கு அப்புறம். ஒரு ஸ்வெட்டரும் காலுறையும் போட்டால் 20 டிகிரி தாராளமாகப் போதும்.

படி 5: 8 மணி

எல்லா ஹீட்டரையும் ஒன்றாக ஏற்றாதீர்கள். ஊரே அப்படிச் செய்தால் அடுத்த உச்சம் அப்போதே வந்துவிடும். முதலில் கூடம், இருபது நிமிடம் கழித்து அடுத்த அறை. படுக்கையறையை அப்படியே விடலாம், போர்வை இருக்கிறது.

படி 6: குறித்து வையுங்கள்

வெளிச்சூடு, 4 மணிக்கும் 8 மணிக்கும் உள்சூடு, யார் எப்போது "குளிருது" என்றார்கள் என மூன்றையும் எழுதுங்கள். ஆறரைக்கு ஒருவர் சொல்லியிருந்தால், அடுத்த முறை ஆறு மணிக்கே அந்த அறையை ஒரு டிகிரி ஏற்றிவிடுங்கள்.