தெர்மாகோலில் ஒரு வட்ட விமானம் செய்வது எப்படி

விசித்திரமான ராணுவ விமானங்களில் முதலில் எதை மாடலாகச் செய்யலாம் என்று கேட்டால், வாட் நிறுவனத்தின் வி-173 என்றுதான் சொல்வேன். சார்லஸ் சிம்மர்மேன் வடிவமைத்தது, 1942 நவம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் முதன்முதலாகப் பறந்தது. தனியாக இறக்கை கிடையாது, வட்டமான உடம்பேதான் இறக்கை, இரண்டு ஓரத்திலும் ராட்சத ப்ராப்பெல்லர். பார்த்தால் ஃபேன் மாட்டிய தோசைக்கல்தான்.

அரை இஞ்ச் தெர்மாகோல் ஷீட் நாகர்கோவிலில் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். 30 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் போட்டு, புது பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் வெட்டுங்கள், மழுங்கிய பிளேடு மணிமணியாக உதிர்த்துவிடும். உப்புத்தாளால் முன் விளிம்பை உருட்டி, பின் விளிம்பை மெல்லிசாக்க வேண்டும். இதை மொட்டைமாடியில் வைத்துச் செய்யுங்கள், வீட்டுக்குள் தேய்த்தால் திட்டு நிச்சயம். ஒட்டுவதற்கு ஃபெவிகால்தான், ஃபெவிக்விக் பட்டால் தெர்மாகோல் கரைந்து குழி விழும்.

பின்னால் சார்ட் அட்டையில் இரண்டு நிமிர்ந்த வால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு படுக்கை மடிப்பு. அந்த மடிப்பு லேசாக மேல்நோக்கி இருக்கட்டும்.

எடைதான் முக்கியம் மக்கா. வட்டத்தின் நடுவில் சமநிலை இருந்தால் எறிந்ததும் குட்டிக்கரணம்தான். மூக்கு நுனியில் இரண்டு மூன்று ஐந்து ரூபாய் நாணயங்களை டேப் போட்டு ஒட்டி, முன் விளிம்பிலிருந்து ஆறு, ஆறரை செ.மீ. தள்ளி இரண்டு விரல்நுனியில் தாங்கிப் பாருங்கள், சாயாமல் நிற்க வேண்டும். எறியும்போது மூக்கு குத்தினால் மடிப்பை இன்னும் கொஞ்சம் தூக்குங்கள், எகிறிப் போய்த் தொப்பென்று விழுந்தால் இறக்குங்கள்.

ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் முயற்சி செய்யாதீர்கள், அந்தக் காற்றில் அது முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டித்தான் நிற்கும். சங்குதுறை கடற்கரை மணல் நல்ல இடம், விழுந்தாலும் உடையாது. ஆனால் விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், அதனால் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று காற்றுக்கு எதிராக எறியுங்கள்.

ரொம்ப தூரம் மிதக்காது. குட்டை இறக்கையின் ஓரத்தில் காற்று கீழிருந்து மேலே சுருண்டு ஏறி வேகத்தைத் தின்றுவிடும். சிம்மர்மேன் ப்ராப்பெல்லரை ஓரத்தில் கொண்டுபோய் வைத்து, அந்தச் சுருளுக்கு எதிர்த்திசையில் சுழலவிட்டது இதற்காகத்தான். நம்மிடம் அது இல்லை. ஆனாலும் மூக்கை நன்றாகத் தூக்கி எறிந்தால்கூடத் தடுமாறாமல் மெதுவாக இறங்கும், அதைப் பார்க்கவே செய்யலாம். இதன் அடுத்த வடிவமான எக்ஸ்எஃப்5யூவை, ஜெட் வந்துவிட்டதால், 1947ல் கைவிட்டார்கள். அதை உடைக்கக் கட்டடம் இடிக்கிற இரும்புக்குண்டு தேவைப்பட்டதாம்!

இது படிந்துவிட்டால் அப்புறம் ஜெர்மனியின் பிவி 141 விமானம். இடது பக்கம் இன்ஜின், வலது பக்கம் தனிக்கூண்டில் ஆட்கள், பிந்தைய மாடலில் வால் இறக்கைகூட இடது பக்கம்தான். அதைச் செய்தால் முதலில் இறக்கையின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, இடதும் வலதும் சமமாகும்வரை எடை சேர்த்த பிறகே எறியுங்கள்.