மான்சோங் பூ-அர் டீ போடுவது எப்படி? வில்லையை உடைப்பதில் தொடங்கி

உறையில் "அரண்மனைத் தோட்டத்து டீ" என்று பார்த்ததும் பர்ஸை எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன். இணையக் கடை ஒன்றில் மான்சோங் பூ-அர் (இலையை வட்ட வில்லையாக அழுத்தி விற்கும் சீன டீ) என்று சொல்லித் தந்ததை வாங்கி, சாதாரண டீத்தூள் மாதிரி மூன்று நிமிடம் ஊறவிட்டுக் குடித்தபோது நிலவேம்புக் கஷாயம் தோற்றது! டீ மேலும் சந்தேகம், என் கைப்பக்குவம் மேலும் சந்தேகம். அதனால் முதலில் கைப்பக்குவத்தைப் பழகுவோம்.

மான்சோங் என்பது சீனாவின் யுனான் மாகாணத்தில், லாவோஸ் எல்லையை ஒட்டிய சிஷுவாங்பன்னாவில் யீபாங் மலையில் இருக்கிற சின்ன ஊர். 1729-ல் சிங் வம்ச அரசு பூ-அர் என்ற நிர்வாகப் பிரிவை அமைத்தது, அந்தப் பக்கத்து மலைகளிலிருந்து பெய்ஜிங்குக்குக் காணிக்கையாக டீ போனது, அதில் மான்சோங் இலைக்குத் தனி மரியாதை. பூசணிக்காய் மாதிரி உருட்டி அனுப்பிய பழைய டீ பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. ஆனால் மான்சோங்கில் மிஞ்சியிருக்கும் பழைய மரங்கள் மிகக் குறைவு, சந்தையில் அந்தப் பெயரில் சுற்றும் வில்லைகளோ ஏராளம். மான்சோங் மொட்டு தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும் என்று விற்பவர்கள் காட்டுவார்கள். வேறு டீ மொட்டுகளும் அப்படி நிற்கும், அதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, செய்முறை. பூ-அரில் ஷெங், ஷோ என்று இரண்டு வகை, முதலில் எது உங்கள் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஷெங் என்பது பச்சை வகை, கசப்பும் வாசமும் உள்ளது, வருஷக்கணக்கில் மெல்ல மாறும். ஷோ என்பது 1970-களில் வந்த முறைப்படி இலையை ஈரத்தோடு குவித்துப் புளிக்க வைத்தது, கருப்பாக, மண்வாசத்தோடு இருக்கும். அரசருக்குப் போனது ஷோ அல்ல, அந்த முறையே அப்போது இல்லை. ஆகவே "அரண்மனை ஷோ" என்று யாராவது விற்றால் சிரித்துக்கொண்டே நகருங்கள்.

அடுத்து வில்லையை உடைப்பது. வழக்கமான வில்லை 357 கிராம், பின்பக்கம் நடுவில் ஒரு குழி இருக்கும். கத்தியால் வெட்டினால் இலை நொறுங்கித் தூளாகும், தூள் சட்டென்று கசக்கும். மெல்லிய ஊசியை ஓரத்திலிருந்து படுக்கைவாட்டில் நுழைத்து லேசாக நெம்புங்கள், அடை பிரிவது போல இலை அடுக்காகக் கழன்று வரும். பிடித்திருக்கும் கையை ஊசிக்கு நேர் எதிரே வைக்காதீர்கள், எனக்கு அனுபவம்.

100 மில்லி பிடிக்கும் மூடி போட்ட கிண்ணத்துக்கு, அதாவது கைவானுக்கு, 6 கிராம் போதும். சமையலறைத் தராசில் நிறுத்துங்கள், கண்ணளவு வேண்டாம். நன்றாகக் கொதித்த தண்ணீரால் முதலில் கிண்ணத்தைச் சூடாக்கி, இலை போட்டு, தண்ணீர் ஊற்றி 5 விநாடியில் வடித்துக் கொட்டிவிடுங்கள். இது கழுவும் தண்ணீர். அப்புறம் மறுபடி ஊற்றி 8 விநாடி, வடித்துக் குடியுங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு விநாடி கூட்டிக்கொண்டே போனால் எட்டு முறைக்குக் குறையாமல் வரும். வடிகட்டியபின் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கினால் அடுத்தது கசக்கும், கடைசிச் சொட்டு வரை சாய்த்துவிடுங்கள். பால், சர்க்கரை கிடையாது.

நல்ல ஷெங் குடித்தால் முதலில் கசந்து, விழுங்கிய பிறகு தொண்டையில் இனிப்பு ஊறும், நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த மாதிரி. உறையில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

மிச்ச வில்லையை அதன் காகிதத்திலேயே சுற்றி, வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். மசாலா டப்பா பக்கமோ சாமி அலமாரியிலோ வேண்டாம், டீ எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும், அடுத்த மாதம் கோப்பையில் சாம்பிராணி மணக்கும்.