செல் திரளின் பாகுத்தன்மையை நுண்குழாயால் உறிஞ்சி அளப்பது எப்படி?

காயம் ஆறும்போதும் கரு உருவெடுக்கும்போதும் செல்கள் கூட்டமாக நகர்கின்றன. சில நொடிகள் இழுத்துவிட்டால் அந்தக் கூட்டம் ரப்பர் போல மீளும். மணிக்கணக்கில் இழுத்தால் பாகு போல ஓடும்; அந்த ஓட்டத்தை எதிர்க்கும் அளவே பாகுத்தன்மை. திரளின் ஒரு பகுதியை மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சி, இரண்டையும் ஒரே சோதனையில் அளக்கலாம். 2010-இல் பாரிஸ் கியூரி நிறுவனத்தில் கரீன் கெவோர்கியன், பிரான்சுவாஸ் புரோஷார்-வியார் குழுவினர் செல் திரள்களில் செய்துகாட்டிய முறை இது.

முதலில் திரள். 20 மைக்ரோலிட்டர் துளிக்கு 5,000 செல்கள் வீதம் பெட்ரி தட்டின் மூடியில் வைத்துக் கவிழ்த்து, துளி காயாமலிருக்கத் தட்டில் பிபிஎஸ் (செல்லுக்குத் தீங்கில்லாத உப்புக் கரைசல்) ஊற்றி, 37 டிகிரி இன்குபேட்டரில் இரண்டு நாள் விடுங்கள். சுமார் 250 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை கிடைக்கும். விளிம்பு வழவழப்பாக இல்லாததை ஒதுக்கிவிடுங்கள்.

குழாயின் உள்விட்டம் 70 மைக்ரோமீட்டர். நுனி நேராக வெட்டுப்பட்டிருக்க வேண்டும். பிசிறு இருந்தால் ஓரத்தில் ஊடகம் (திரள் மிதக்கும் வளர்ப்புத் திரவம்) கசியும். உட்சுவருக்குப் பிஎஸ்ஏ என்ற புரதப் பூச்சு அவசியம். இல்லாவிட்டால் செல்கள் கண்ணாடியில் ஒட்டி, அந்த உராய்வும் பாகுத்தன்மைக் கணக்கில் சேர்ந்துவிடும்.

உறிஞ்சுவதற்கு, குழாயோடு இணைத்த நீர்த்தொட்டியைக் கீழிறக்கினால் போதும்: 10 செ.மீ. இறக்கம் 981 பாஸ்கல். இணைப்புக் குழாயில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. திரளைத் தொடுமுன் நுனியருகே மிதக்கும் ஒரு துகளைக் கவனியுங்கள். அது உள்ளேயும் வெளியேயும் நகராத தொட்டி உயரம்தான் பூஜ்யம். அவசரத்தில் பலர் தாண்டிவிடும் படி இது. இதில் 1 செ.மீ. தவறினால் 98 பாஸ்கல் பிழை, அதுவும் எல்லா அளவீட்டிலும். ஊடகம் ஆவியானாலும் பூஜ்யம் நகரும். திரள் இருக்கும் சிறு சோதனை அறையின் திறந்த ஓரத்தை மினரல் ஆயிலால் மூடுங்கள்.

இனி 10 செ.மீ. இறக்கி, 10 நொடிக்கு ஒரு படம் வீதம் ஒன்றரை மணி நேரம் எடுங்கள். குழாய்க்குள் நுழையும் திரளின் பகுதி, அதாவது நாக்கு, முதலில் சட்டென நீளும், பிறகு சீராக ஊரும். அடுத்து தொட்டியைப் பூஜ்யத்துக்கு ஏற்றி, நாக்கு பின்வாங்கும் வேகத்தையும் பதியுங்கள். பின்வாங்கு வேகத்தை இரு வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, கொடுத்த அழுத்தத்தால் பெருக்கினால் பரப்பு இழுவிசை (திரளின் பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசை) எதிர்க்கும் அழுத்தம் கிடைக்கும். அதைக் கழித்தால் நிகர அழுத்தம்.

குழாய் ஆரத்தை நிகர அழுத்தத்தால் பெருக்கி, ஊரும் வேகத்தின் 3π மடங்கால் வகுத்தால் பாகுத்தன்மை. 35 மைக்ரோமீட்டர் ஆரம், 700 பாஸ்கல், நிமிடத்துக்கு 0.8 மைக்ரோமீட்டர் என்றால் சுமார் 2 லட்சம் பாஸ்கல்-நொடி வரும். ஊரும் நேர்கோட்டைத் தொடக்க நேரம்வரை பின்னோக்கி நீட்டி, அங்கே கிடைக்கும் நீளத்தால் ஆரம், நிகர அழுத்தம் இரண்டின் அதே பெருக்கலை வகுத்தால் மீள்குணகம், அதாவது திரளின் விறைப்பு. நீளம் 35 மைக்ரோமீட்டர் என்றால் 700 பாஸ்கல். பாகுத்தன்மையை மீள்குணகத்தால் வகுத்தால் ஏறத்தாழ 5 நிமிடம். அதற்குள் நிறுத்திய பதிவில் ஓட்டம் தெரியாது.

நாக்கு திடீரென வேகமெடுத்தால் செல்கள் பிய்ந்து வழுக்குகின்றன. அழுத்தத்தைக் குறைத்து, புதிய திரளில் தொடங்குங்கள். முன்னும் பின்னும் நடுங்கினால் அந்த அலைவைச் சமன்செய்து அழிக்காதீர்கள். செல்களே சுருங்கி எதிர்க்கின்றன. உறிஞ்சும் விசை கூடக்கூடத் திரள் தன்னை இறுக்கிக்கொள்வதால், வெவ்வேறு அழுத்தத்தில் எடுத்த பரப்பு இழுவிசை எண்களை ஒப்பிடுவதும் தவறு.