எதிரி ரேடாரை அடக்கும் போர்: கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மே மாதம், லாகூரில் இருந்த ஒரு வான்பாதுகாப்பு அமைப்பைச் செயலிழக்கச் செய்துவிட்டதாக இந்திய அரசு அறிவித்தது. அதிலிருந்து ரேடார், ஜாமிங் (இரைச்சல் அலையால் ரேடாரைக் குழப்புவது), டிரோன் என்ற பேச்சு தமிழிலும் நிறைய நடக்கிறது. நல்ல விஷயம். ஆனால் பேச்சு கடைசியில் "எத்தனை ரேடார் காலி?" என்ற ஒரே கேள்வியில் போய் நின்றுவிடுகிறது. முதல் தவறே அதுதான். பெரிய விமானப்படைகளும் இதே கணக்கில் தடுமாறியிருக்கின்றன.

1999-இல் யூகோஸ்லாவியா மீது நேட்டோ 78 நாள் குண்டு வீசியது. அந்த நாட்களில் ஏவப்பட்ட ஹார்ம் ஏவுகணைகள் 743. ரேடாரிலிருந்து கிளம்பும் அலையைப் பிடித்துக்கொண்டு, அது எங்கிருந்து வருகிறதோ அங்கேயே போய் வெடிக்கும் ஏவுகணை அது. யூகோஸ்லாவியாவிடம் விமானங்களைச் சுடும் சோவியத் தயாரிப்பான கூப் வகை ஏவுகணை பேட்டரிகள் (ரேடாரும் ஏவு வண்டிகளும் சேர்ந்த படைப்பிரிவுகள்) சுமார் 25 இருந்தன. போர் முடிந்தபின் பார்த்தால், அழிந்தது உறுதியானவை 3 மட்டுமே. அப்படியென்றால் நேட்டோ தோற்றுவிட்டதா? இல்லை. அந்த 78 நாளில் வீழ்த்தப்பட்ட, விமானி ஓட்டிய நேட்டோ விமானங்கள் இரண்டே இரண்டு.

இரண்டு எண்ணும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. ரேடாரை எரியவிட்டால், அதாவது அலை அனுப்பும்படி இயக்கினால், ஹார்ம் வந்து விழும் என்று யூகோஸ்லாவியப் படையின் செர்பியர்களுக்குத் தெரியும். அதனால் பெரும்பாலான நேரம் அணைத்தே வைத்திருந்தார்கள், அடிக்கடி இடம் மாற்றினார்கள். ரேடாரில் எளிதில் சிக்காத 'ஸ்டெல்த்' வகை அமெரிக்க எஃப்-117 விமானத்தை வீழ்த்திய பேட்டரியின் தளபதி ஸோல்தான் தானி, குறிவைக்கும் ரேடாரை ஒரு தடவைக்கு 20 வினாடிக்கு மேல் எரியவிடக் கூடாது என்று கண்டிப்பாக வைத்திருந்தார். அணைந்த ரேடாரை ஹார்மால் தேடிப் பிடிக்க முடியாது. அதே சமயம், அணைந்த ரேடாரால் விமானத்தைச் சுடவும் முடியாது. அடக்குதல் என்ற வேலையின் உயிர்நாடி இதுதான்: சுடும் கை தயங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். சரி, நேட்டோவுக்கு இதில் செலவே இல்லையா? இருந்தது. செர்பியர்களின் ஏவுகணைகள் உயிரோடு இருந்ததால் கடைசி நாள் வரை ஹார்ம் சுமந்த துணை விமானங்கள் கூடவே பறக்க வேண்டியிருந்தது. குண்டுவீச்சு விமானங்கள் பெரும்பாலும் 15,000 அடிக்கு மேலேயே நின்றன. அந்த உயரத்திலிருந்து மரத்தடியில் மறைத்த டாங்கியைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஆகவே உடைந்த ரேடாரை எண்ணுவதைவிட, எதிரி ரேடார் எவ்வளவு நேரம் எரியத் துணிந்தது, நம் விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்க நேர்ந்தது என்று கேளுங்கள். படம் தெளிவாகத் தெரியும்.

எஃப்-117 கதையிலேயே அடுத்த தவறும் இருக்கிறது. 1999 மார்ச் 27 இரவு, புஜனோவ்சி கிராமத்தருகே அது விழுந்தது. "ஸ்டெல்த் என்றால் ரேடாருக்கே தெரியாது" என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி. குறிவைக்கும் ரேடார்களின் குறுகிய அலைகளைச் சிதறடிக்கும்படி வடிவமைத்த விமானம் அது. நீண்ட அலையில் தேடும் பழைய பி-18 ரேடாருக்கு அது அவ்வளவு மறையவில்லை. தோராயமான திசையை பி-18 சொல்ல, விமானம் அருகே வந்தபின் தானியின் எஸ்-125 ஏவுகணை பேட்டரியின் ரேடார் கொஞ்ச நேரம் மட்டும் எரிந்து ஏவுகணையை வழிநடத்தியது. நேட்டோ விமானங்கள் முந்தைய இரவுகளில் வந்த பாதையிலேயே வந்ததும் தானியின் ஆட்களுக்கு உதவியது. தொழில்நுட்பம் கைகொடுக்கும் என்று வழக்கத்தை மாற்றாமல் விடுவது இந்தத் துறையில் உயிரை வாங்கும் தவறு.

நேற்றைய படத்தை நம்பி இன்று தாக்குவதும் அப்படித்தான். எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கிய போரில், 1973 அக்டோபர் 7 காலையில் எகிப்தின் ஏவுகணைகளை அடிக்கத் தொடங்கிய இஸ்ரேல் விமானப்படை, சிரிய எல்லையிலுள்ள கோலான் குன்றுகளில் நிலவரம் மோசமானதால் பாதியிலேயே சிரியா பக்கம் திருப்பப்பட்டது. கையில் இருந்த படங்கள் பழையவை. சிரியாவின் பேட்டரிகளோ இரவோடிரவாக நகர்ந்திருந்தன. ஒரே தாக்குதலில் 6 ஃபேன்டம் விமானங்கள் போயின. அழிந்த பேட்டரி ஒன்றுதான். போதாக்குறைக்கு, கூப் ஏவுகணையை வழிநடத்தும் ரேடார் அலையை அன்றைய எச்சரிக்கைக் கருவிகளால் சரியாக உணரவும் முடியவில்லை.

ஒன்பது ஆண்டு கழித்து, 1982 ஜூன் 9 அன்று லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் நிலைமை தலைகீழ். சிரியா அங்கிருந்த தன் 19 பேட்டரிகளில் பலவற்றை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்திருந்தது. இஸ்ரேல் அவற்றின் அலைவரிசைகளைப் பொறுமையாகப் பதிவு செய்தது, உளவு டிரோன்களால் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. தாக்கும் நாளில் முதலில் போனவை ஏமாற்று டிரோன்கள். விமானம் வருகிறது என்று சிரியர்கள் ரேடாரை எரியவிட்டு ஏவுகணைகளைச் சுட்டார்கள். உடனே அசல் தாக்குதல் விழுந்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலான பேட்டரிகள் முடிந்தன. இதைப் புதுக் கருவிகளின் வெற்றி என்று மட்டும் எழுதுகிறார்கள். என் பார்வையில் பாதி வெற்றி பொறுமையாகச் செய்த தயாரிப்பு, மீதி பாதி சிரியா நகராமல் இருந்தது. நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு: 2022-இல் உக்ரைன் தன் ஏவுகணை வண்டிகளை ரஷ்யத் தாக்குதலுக்குச் சற்று முன்பு இடம் மாற்றியது. முதல் அடிகளில் பல காலி இடங்களில் விழுந்தன.

ஜாமிங்கைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. பொத்தானை அழுத்தினால் எதிரி குருடாகிவிடுவான் என்பது போலப் பேசுகிறோம். ரேடார் அலை விமானம் வரை போய்த் திரும்பி வர வேண்டும், அதனால் அந்த எதிரொலி தூரத்தின் நான்காம் படிக்கு ஏற்பத் தேய்கிறது. ஜாமரின் அலைக்கு ஒருவழிப் பயணம்தான், அது இரண்டாம் படிக்கு ஏற்பத் தேய்கிறது. தொலைவில் ஜாமர் கை ஓங்கியிருக்கும். நெருங்க நெருங்க எதிரொலி வலுத்து, ஒரு கட்டத்தில் இரைச்சலையும் மீறி விமானம் திரையில் தெரிந்துவிடும். ஜாமரின் அலையையே பிடித்துக்கொண்டு வரும் ஏவுகணைகளும் உண்டு.

செய்திகளில் அதிகம் இடம்பெறாத, ஆனால் எனக்கு மிகவும் வேதனையான தவறு, சொந்தப் பக்கத்தை மறப்பது. 2003 மார்ச் 23 அன்று ஈராக் போரில் அமெரிக்காவின் பேட்ரியட் வான்பாதுகாப்பு ஏவுகணை பேட்டரி ஒன்று பிரிட்டனின் டொர்னேடோ விமானத்தைச் சுட்டு இரண்டு பேரைக் கொன்றது. சில நாளில் அமெரிக்கக் கடற்படை விமானி ஒருவரும் அதே வகை ஏவுகணைக்குப் பலியானார். நடுவில், பேட்ரியட் ரேடார் தன்னைக் குறிவைக்கிறது என்று எச்சரிக்கை வந்ததும் ஓர் அமெரிக்க எஃப்-16 அந்த ரேடார் மீதே ஹார்மை ஏவியது. 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் புட்காமில் நம் ஏவுகணையே நம் எம்ஐ-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. விமானப்படையினர் ஆறு பேரும் ஊர்க்காரர் ஒருவரும் இறந்தார்கள். பெரிய தவறு நடந்துவிட்டது என்று விமானப்படைத் தளபதியே பின்னர் ஒப்புக்கொண்டார். நண்பனா எதிரியா என்று பிரித்தறியும் ஏற்பாடும், வான்வெளியை யார் எப்போது பயன்படுத்துவது என்ற ஒழுங்கும் வான்பாதுகாப்பில் ஏவுகணைக்குச் சமமான அங்கங்கள்.

இந்தியாவின் சொந்த ரேடார் எதிர்ப்பு ஏவுகணை ருத்ரம்-1, 2020 அக்டோபரில் சோதிக்கப்பட்டது. அதைப் பற்றிய செய்திகளில் எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறோம். யூகோஸ்லாவியாவை வைத்துப் பார்த்தால், பாதி வழியில் எதிரி ரேடாரை அணைத்துவிட்டால் ஏவுகணை என்ன செய்யும் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அலையைத் தேடும் தலைப்பகுதியோடு ஜிபிஎஸ் வழிகாட்டலையும் அதில் சேர்த்திருப்பது அந்த நிலைமைக்காகவே.